சனிக்கிழமை விரிவுரையாளராகப் போகிறவர்களுக்கு

ஒரு நாள் பின்னேரம் அழைப்பு வரும். "நீங்கள் எச்.ஆரில் இவ்வளவு காலம் இருந்திருக்கிறீர்கள், வணிக உளவியல் பாடத்துக்கு வருகைதரு விரிவுரையாளர் ஒருவரைத் தேடுகிறோம், சனிக்கிழமைகளில் மூன்று மணித்தியாலம் வர முடியுமா?" என்று கேட்பார்கள். திருகோணமலையில் உப்புவெளி, நிலாவெளிப் பக்கத்து ஹோட்டல் முகாமையாளர்கள், சீனக்குடாப் பக்கம் மா ஆலையிலும் சீமெந்துத் தொழிற்சாலையிலும் ஆளணி பார்ப்பவர்கள், துறைமுகத்திலும் வங்கிகளிலும் வருடக்கணக்காக ஆட்களோடு மாரடித்தவர்கள், யாருக்கும் இது வரலாம். கோணேசபுரியில் கிழக்குப் பல்கலைக்கழகத்தின் வளாகம் இருக்கிறது, அதில் தொடர்பாடல், வணிகக் கற்கைகளுக்கென்றே ஒரு பீடம் இருக்கிறது, நகருக்குள் மாலையிலும் வார இறுதியிலும் வகுப்பு வைக்கிற நிறுவனங்களும் உண்டு. ஆனால் வேலைத்தலத்தை உள்ளிருந்து பார்த்தவர் வேண்டும் என்றால் ஒவ்வொரு கிழமையும் கொழும்பிலிருந்து ஏறக்குறைய 260 கிலோமீற்றர் யார் வருவார்கள்? ஊரில் இருக்கிற நாம்தான் போக வேண்டும்.

போங்கள். நான் போகிறேன், ஆறு வருடமாக. அதற்கு முன் பதினெட்டு வருடம் ஹோட்டல்களிலும் ஒரு களஞ்சியத்திலும் ஆட்களை எடுப்பது, பயிற்றுவிப்பது, விசாரிப்பது, சில நேரம் வேலையை விட்டு அனுப்புவது என்று இருந்தவள். அந்தப் பதினெட்டு வருடத்தை அப்படியே வகுப்பில் கொட்டினால் போதும் என்று நினைத்துத்தான் முதல் பருவத்தை நடத்தினேன். பிள்ளைகள் ரசித்துக் கேட்டார்கள், பரீட்சையில் ஒன்றும் எழுத முடியவில்லை. அதிலிருந்து படித்ததைத்தான் இங்கே எழுதுகிறேன்.

சரி சொல்வதற்கு முன்

நான்கு விஷயங்களைக் கேட்டு வாங்குங்கள்: பாடத்திட்டம், அதில் எழுதியிருக்கிற கற்றல் பேறுகள் (பாடம் முடியும்போது பிள்ளைகளுக்கு என்ன செய்யத் தெரிந்திருக்க வேண்டும் என்பது), கடந்த இரண்டு வருட வினாத்தாள், வகுப்பில் இருக்கப்போகிறவர்கள் யார் என்ற விபரம். கடைசியாகச் சொன்னது முக்கியம். ஏ.எல். முடித்து நேரே வந்த பிள்ளைகளுக்கும், பகலில் வங்கியில் வேலை செய்துவிட்டுப் பின்னேரம் வருகிறவர்களுக்கும் ஒரே கதை வேலை செய்யாது. முதல் கூட்டத்துக்கு ஒரு பணிப்பட்டியல் எப்படி இருக்கும் என்றே தெரியாது, இரண்டாவது கூட்டம் உங்கள் கதையைக் கேட்டுவிட்டுத் தங்கள் மேலாளரைப் பற்றிச் சொல்லத் தொடங்கும்.

அப்புறம் ஒரு கணக்கு. இலங்கைத் தகைமைச் சட்டகத்தின்படி ஒரு கிரெடிட் என்பது மாணவர் கற்கிற 50 மணித்தியாலம். மூன்று கிரெடிட் பாடம் என்றால் 150. அதில் பிள்ளைகள் உங்கள் முன்னால் இருக்கப்போவது வழக்கமாக 45 மணித்தியாலம்தான், மிச்சம் 105-உம் அவர்கள் தனியே வாசிக்கிற, எழுதுகிற, ஒப்படை செய்கிற நேரம். வேலையிலிருந்து வருகிற நம்மில் அநேகம் பேர் 45-ஐ மட்டும் திட்டமிட்டு மற்றதைக் கடவுளிடம் விட்டுவிடுகிறோம். அந்த 105-இல் அவர்கள் என்ன செய்வார்கள் என்பதையும் முதலிலேயே எழுதி வையுங்கள். உங்கள் பக்கத்தில், முதல் தடவை எடுக்கிற பாடத்துக்கு ஒரு மணித்தியால விரிவுரைக்கு மூன்று நான்கு மணித்தியாலத் தயாரிப்பு போகும், இரண்டாம் வருடம் பாதியாகும்.

நியமனக் கடிதம் கையில் கிடைத்த பிறகு தொடங்குங்கள். நீங்கள் வேலை செய்யும் இடத்தில் எழுத்தில் அனுமதி எடுங்கள், அரச உத்தியோகத்தர் என்றால் கட்டாயம் எடுங்கள். கொடுப்பனவு மணித்தியாலக் கணக்கில்தான், வரவுப் பதிவில் ஒப்பம் வைத்து, வவுச்சர் எழுதி, அது சுற்றி வர நாளாகும். அந்தப் பணத்தை நம்பிச் சீட்டு எதிலும் சேராதீர்கள்.

ஒரு சீ.ஆர். கொப்பி

பாடநூலைத் திறக்கும் முன் ஒரு சீ.ஆர். கொப்பி வாங்கி, உங்கள் வேலைக்காலத்தில் நடந்த முப்பது சம்பவங்களை எழுதுங்கள், ஒன்றுக்கு ஒரு பக்கம். அன்று எனக்கு என்ன தெரிந்திருந்தது, என்ன தெரியாமல் இருந்தது, என்ன முடிவு எடுத்தேன், பிறகு என்ன நடந்தது. அவ்வளவுதான். "இதிலிருந்து நான் கற்றது" என்ற வரியை மட்டும் எழுத வேண்டாம், ஏனென்றால் அதை எழுதிவிட்டால் வகுப்பில் வாய் தானாக அந்த வரிக்கு ஓடிவிடும், பிள்ளைகள் யோசிப்பதற்கு ஒன்றும் மிஞ்சாது.

வெற்றிக் கதைகள் முப்பதிலும் பத்துக்கு மேல் போகக்கூடாது என்பது என் கணக்கு. பிழையாகிப்போன முடிவுகள்தான் கற்பிக்கப் பயன்படுகின்றன, அதிலும் அன்றைக்கு மிகச் சரி என்று தோன்றிப் பிறகு பிழையாகிப்போனவை. எழுதி முடித்ததும் பாடத்திட்டத்தின் ஒவ்வொரு கிழமைக்கும் எதிரே பொருந்துகிற சம்பவத்தை வையுங்கள். சில கிழமைகளுக்கு உங்களிடம் ஒன்றும் இருக்காது. என்னிடம் நுகர்வோர் நடத்தைக்கு எதுவுமே இருக்கவில்லை, நான் விற்பனைப் பக்கம் போனதே இல்லை, அதனால் அந்தக் கிழமைக்கு மெயின் வீதியில் துணிக்கடை நடத்துகிற ஒருவரைக் கூட்டிக்கொண்டு போனேன். அதேபோல எவ்வளவு பிடித்த சம்பவமானாலும் எந்தக் கிழமையிலும் பொருந்தாவிட்டால் கொப்பியிலேயே இருக்கட்டும்.

ஊர் சின்னது

இதை நான் பட்டுத்தான் படித்தேன். முதல் வருடம், காசாளர் ஒருவர் கணக்கில் கைவைத்து அகப்பட்ட கதையை, பெயரை மாற்றி, அவர் அப்போது வீட்டில் என்ன நெருக்கடியில் இருந்தார் என்பது வரை விரிவாகச் சொன்னேன். வகுப்பு முடிந்து எல்லோரும் போன பிறகு ஒரு பிள்ளை நின்றது. "மிஸ், அது எங்கட பெரியப்பாட கதை" என்றது. கோபப்படவில்லை. அதுதான் எனக்கு இன்னும் வலிக்கிறது. அந்தப் பிள்ளையிடம் மன்னிப்புக் கேட்டேன், அடுத்த கிழமை பிள்ளை வழமைபோல வந்து பின்வரிசையில் இருந்தது, நான்தான் அந்தப் பக்கம் பார்க்க முடியாமல் நின்றேன்.

திருகோணமலையில் யாரோ ஒருவருக்கு யாரோ ஒருவர் சொந்தம். கிண்ணியா, மூதூர், தம்பலகாமம் என்று எந்தப் பக்கத்தைச் சொன்னாலும் அந்தப் பக்கத்திலிருந்து வகுப்பில் இரண்டு பேர் இருப்பார்கள். பெயரை மாற்றுவது போதாது. தொழிலை மாற்றுங்கள், ஹோட்டலில் நடந்ததைக் களஞ்சியத்தில் நடந்ததாக வையுங்கள். ஆணைப் பெண்ணாக்குங்கள், வருடத்தைத் தள்ளுங்கள், இரண்டு சம்பவங்களைக் கலந்து ஒன்றாக்குங்கள், தொகைகளை மாற்றுங்கள். மாற்றியதைப் பிள்ளைகளுக்குச் சொல்லியும் விடுங்கள், "இது நடந்தது, ஆனால் அடையாளங்கள் மாற்றப்பட்டவை" என்று, அப்போது யார் என்று துருவ மாட்டார்கள். ஒழுக்காற்று விசாரணை, பாலியல் தொந்தரவு முறைப்பாடு, ஒருவருடைய மனநலம் சம்பந்தப்பட்ட எதுவும் மாற்றினாலும் வகுப்புக்கு வரக்கூடாது. அந்தத் தலைப்புகளுக்கு வெளியான ஆய்வுகளும் தீர்ப்புகளும் இருக்கின்றன, அவற்றை எடுங்கள்.

முடிவெடுக்கும் இடத்தில் நிறுத்துங்கள்

எல்லாவற்றிலும் முக்கியம் இது, ஆகவே ஒரு சம்பவத்தை முழுதாகவே எழுதுகிறேன். கிழக்குக் கரையில் உல்லாசப் பயணிகளின் காலம் ஏறக்குறைய மே முதல் செப்டெம்பர் வரை. ஹோட்டல்கள் அந்தச் சில மாதத்துக்கு ஆட்களைக் கூட்டி எடுக்கும். ஒரு ஓகஸ்ட் மாதம், அறைகள் எல்லாம் நிரம்பியிருக்கிற நேரத்தில், ஆறு ரூம் போய்மார் ஒரே கிழமையில் விலகக் கடிதம் தந்தார்கள். முதலாளி மாதம் 3,000 ரூபாய் கூட்டித் தரலாம் என்றார். இந்த இடத்தில் கதையை நிறுத்துகிறேன். நான்கு நான்கு பேராகப் பிரிந்து, நீங்கள் அந்த எச்.ஆர். அதிகாரியானால் முதலாளியிடம் என்ன சொல்வீர்கள், யாரிடம் என்ன கேட்பீர்கள், பதினைந்து நிமிடம் பேசி எழுதித் தாருங்கள் என்கிறேன்.

பேப்பரைக் கையில் வாங்கிய பிறகுதான் மிச்சத்தைச் சொல்வது. முன்பே சொன்னால் எல்லோருக்கும் "நானும் அதைத்தான் நினைத்தேன்" என்று தோன்றிவிடும், உண்மையிலேயே அப்படி நினைத்ததாக நம்பியும் விடுவார்கள். சம்பளம் கூட்டினோம். ஐந்து பேர் போய்விட்டார்கள். ஆறாவது பையனை உட்கார வைத்துக் கேட்டபோதுதான் விஷயம் தெரிந்தது: அடுத்த நாள் பணிப்பட்டியலை முதல் நாள் பின்னேரம்தான் பலகையில் ஒட்டுவார்கள். மூதூருக்குப் போகிற கடைசி பஸ்ஸைப் பிடிக்கலாமா, வீட்டுக்குச் சொல்லலாமா, தங்கச்சியின் கல்யாணப் பேச்சுக்கு நிற்கலாமா, எதையும் இரண்டு நாள் முன்னால் தீர்மானிக்க அவர்களால் முடியவில்லை.

அதற்குப் பிறகு கோட்பாடு. ஹேர்ஸ்பேர்க் என்ற உளவியலாளரும் அவரோடு வேலை செய்தவர்களும் பிற்ஸ்பேர்க் பகுதியில் 203 பொறியியலாளர்களையும் கணக்காளர்களையும் நேர்கண்டு 1959-இல் வெளியிட்டதன்படி, திருப்தியைத் தருகிறவை ஒரு கூடை: சாதனை, அங்கீகாரம், பொறுப்பு. அதிருப்தியைத் தருகிறவை வேறு கூடை: சம்பளம், மேற்பார்வை, நிறுவனத்தின் நடைமுறைகள், வேலைச் சூழல். ஒரு வருடம் ஒரு பிள்ளை எழும்பி, "மிஸ், சம்பளமும் பணிப்பட்டியலும் ஒரே கூடைக்குள்தானே வருகிறது, அப்படியென்றால் ஹேர்ஸ்பேர்க் தெரிந்திருந்தாலும் நீங்கள் அதே பிழையைத்தானே விட்டிருப்பீர்கள்?" என்று கேட்டது. எனக்கு அந்தக் கேள்வி தங்கம். கோட்பாடு எந்தப் பக்கம் தேட வேண்டும் என்று சொல்லும், எதைச் சரிசெய்ய வேண்டும் என்று அந்தப் பையன்தான் சொல்ல வேண்டும். அப்படியே அடுத்த படிக்கும் போகலாம்: மனிதர்கள் நடந்ததை நினைவுகூரச் சொன்னால் நல்லதுக்குத் தங்களையும் கெட்டதுக்குச் சூழலையும் காரணம் காட்டுவார்கள், ஆகவே ஹேர்ஸ்பேர்க்கின் இரண்டு கூடைகளும் அவர் கேட்ட முறையாலேயே வந்திருக்கலாம் என்ற விமர்சனத்தை இந்த இடத்தில் வையுங்கள், பசியோடு கேட்பார்கள்.

ஒரு சம்பவத்துக்கு முழுதாக ஒரு மணித்தியாலம் ஒதுக்குங்கள். கதைக்கு ஏழு நிமிடம், மிச்சம் அவர்களுடையது.

ஆய்வு உங்களோடு முரண்பட்டால்

முரண்படும். பதினெட்டு வருடம் நேர்முகத் தேர்வுக்கு இருந்தேன், ஐந்து நிமிடத்தில் ஆளை அளந்துவிடுவேன் என்று நம்பினேன். போல் சக்கெற்றும் சக ஆய்வாளர்களும் 2022-இல் பழைய ஆய்வுகளை மீளக் கணித்துப் பார்த்தார்கள். எல்லோரிடமும் ஒரே கேள்விகளைக் கேட்டு, ஒரே அளவுகோலில் புள்ளியிடுகிற நேர்முகத்துக்கும் பிற்பாடு வேலையில் காட்டும் திறமைக்கும் உள்ள தொடர்பு 0.42 (தொடர்பே இல்லை என்றால் 0, முழுதாகப் பொருந்தினால் 1). வாய்க்கு வந்தபடி கேட்கிற நேர்முகத்துக்கு 0.19. நான் செய்தது இரண்டாவது. இதை வகுப்பில் அப்படியே சொல்கிறேன், மழுப்புவதில்லை, ஏனென்றால் இந்தப் பிள்ளைகளில் சிலர் நாளைக்கு அந்தக் கதிரையில் இருக்கப்போகிறவர்கள்.

சொல்வதோடு விடாமல் செய்தும் காட்டலாம். ஐந்து பேரைத் தேர்வாளர்களாக இருத்தி, ஒரே விண்ணப்பதாரரை முதலில் தங்கள் இஷ்டப்படி கேள்வி கேட்கச் சொல்லுங்கள், ஒருவர் புள்ளியை மற்றவர் பார்க்காமல் எழுதட்டும். பிறகு இன்னொருவரை, முன்கூட்டியே தயாரித்த ஆறு கேள்விகளோடும் புள்ளித் தாளோடும். இரண்டு வரிசைப் புள்ளிகளையும் பலகையில் எழுதுங்கள். என் வகுப்புகளில் முதல் வரிசை அநேகமாகச் சிதறித்தான் கிடந்தது. "நல்லா இங்கிலீஷ் கதைக்கிறார்" என்ற ஒரே காரணத்தால் நேர்மைக்கும் உழைப்புக்கும் சேர்த்துப் புள்ளி போட்டவர்கள் இருப்பார்கள். தோர்ண்டைக் என்ற உளவியலாளர் 1920-இலேயே இராணுவ அதிகாரிகள் கீழுள்ளவர்களுக்குப் போட்ட மதிப்பீடுகளில் கண்டு ஒளிவட்ட விளைவு என்று பெயர் வைத்தது இதைத்தான், அந்தப் பெயரை அந்த நிமிடம் பலகையில் எழுதினால் ஒருவரும் மறக்க மாட்டார்கள்.

அப்புறம், கம்பனிப் பயிற்சிப் பட்டறைகளில் வாங்கிய ஸ்லைடுகளை வீட்டிலேயே வைத்துவிட்டு வாருங்கள். நாம் வருடக்கணக்காக நம்பியவை அதில் நிறைய இருக்கும். ஆட்களை ஆளுமை வகைகளாகப் பிரிக்கிற மயர்ஸ் பிரிக்ஸ் சோதனையை ஐந்து கிழமை கழித்து மறுபடி எழுதினால் பலருக்கு வேறு வகை வருகிறது. ஒவ்வொருவருக்கும் ஒரு கற்றல் பாணி உண்டு, அதன்படி கற்பித்தால் நன்றாகப் படிப்பார் என்பதற்குப் போதிய சான்று இல்லை என்று 2008-இல் வந்த ஒரு விரிவான மீளாய்வு காட்டியது. மனிதத் தேவைகளைப் படிப்படியாக அடுக்கிய மாஸ்லோவின் 1943 கட்டுரையில், அவர் பெயரில் எல்லோரும் காட்டுகிற அந்தப் பிரபலமான முக்கோணமே இல்லை. ஒரு பிள்ளை இதையெல்லாம் உங்கள் வாயிலிருந்து உண்மை என்று கேட்டுப் பரீட்சையில் எழுதினால் பொறுப்பு உங்களுடையது.

மொழி

பல பட்டப்படிப்புகள் ஆங்கிலத்தில்தான். ஆனால் இந்த ஊர் வகுப்பில் தமிழ், முஸ்லிம், சிங்களப் பிள்ளைகள் பக்கத்தில் பக்கத்தில் இருப்பார்கள், யோசிப்பது அவரவர் மொழியில். குழுக்களை மொழி கலந்து அமைத்து, உள்ளே எந்த மொழியிலும் கதைக்க விட்டு, எழுதித் தருவதை மட்டும் ஆங்கிலத்தில் கேட்கிறேன். முக்கியமான சொற்களுக்கு ஒரு பட்டியல் கொடுங்கள்: மனப்பாங்கு, புலக்காட்சி, ஊக்கப்படுத்தல், உளநெருக்கீடு, பக்கத்தில் சிங்களச் சொல்லும். சிங்களச் சொல்லைப் பிள்ளைகளையே கொண்டு நிரப்பினால் உங்களுக்கும் படிப்பு.

ஒப்படை

நூலகத்திலேயே முடியக்கூடிய ஒப்படை கொடுக்காதீர்கள், ஊருக்குள் அனுப்புங்கள். எனக்கு மிகவும் பலன் தந்தது காலை மீன் ஏலம். உளவியலாளர்கள் ட்வெர்ஸ்கியும் கானமனும் 1974-இல் எழுதிய பரிசோதனை ஒன்றில், ஒரு சக்கரத்தைச் சுழற்றி 10 அல்லது 65 வரச் செய்து, ஐக்கிய நாடுகள் சபையில் ஆபிரிக்க நாடுகள் எத்தனை வீதம் என்று கேட்டார்கள். 10-ஐப் பார்த்தவர்களின் இடைநிலை விடை 25, 65-ஐப் பார்த்தவர்களுடையது 45. சம்பந்தமே இல்லாத எண் மனத்தை இழுத்துக்கொண்டு போகிறது. இதை முதல் கிழமை படிப்பித்துவிட்டு, ஏலம் கூறுகிறவர் முதலில் சொல்கிற விலையையும் கடைசியில் முடிந்த விலையையும் இரண்டு மணித்தியாலம் குறித்துக்கொண்டு வரச் சொல்லுங்கள். பெரும்பாலும் ஒரு பிள்ளையாவது, முதல் விலை அங்கே சும்மா வந்த எண் இல்லை, கூறுகிறவருக்கு மீனும் தெரியும் சந்தையும் தெரியும், ஆகவே இதையும் சக்கரத்தையும் ஒன்றாக வைக்க முடியாது என்று எழுதும். அதற்கு முழுப் புள்ளி கொடுங்கள். போகும் முன் அனுமதி கேட்பது, படம் எடுக்காமல் இருப்பது, பெயர் எழுதாமல் இருப்பது, இவை மூன்றையும் ஒப்படைத் தாளின் மேலேயே போட்டுவிடுங்கள்.

புள்ளித் திட்டத்தை ஒப்படையோடு சேர்த்தே கொடுக்க வேண்டும். வேலைத்தலத்தில் அறிக்கை திருத்திப் பழகிய நமக்கு அழகாக, சுருக்கமாக எழுதியவர் மேல் ஒரு சாய்வு இருக்கும், அதைவிட நம் கருத்தோடு ஒத்துப்போகிறவர் மேல் பெரிய சாய்வு இருக்கும். ஒளிவட்ட விளைவைப் படிப்பித்துவிட்டு அதையே திருத்தும்போது செய்யக்கூடாது. நான் சுட்டெண் மட்டும் தெரிகிற மாதிரி முன்பக்கத்தை மடித்து வைத்து, எல்லோருடைய முதலாம் கேள்வியையும் திருத்திவிட்டுத்தான் இரண்டாம் கேள்விக்குப் போகிறேன்.

எல்லை

பிள்ளைகள் உங்களிடம் வேலை கேட்பார்கள். உங்கள் இடத்தில் பயிற்சி வெற்றிடம் இருந்தால் வகுப்பு முழுவதுக்கும் ஒரே நேரத்தில் அறிவியுங்கள், அந்தப் பருவத்தின் புள்ளிகள் வெளியாகும் வரை தெரிவில் நீங்கள் இருக்க வேண்டாம். உளவியல் பாடம் என்பதால் சிலர் தங்கள் மனப்பாரத்தையும் கொண்டுவருவார்கள். பொறுமையாகக் கேளுங்கள், ஆனால் நீங்கள் உளவளத்துணையாளர் இல்லை, பல்கலைக்கழகத்தில் அதற்கென்று மாணவ ஆலோசகர்கள் இருக்கிறார்கள், முதல் நாளே அவர்களுடைய பெயரையும் இடத்தையும் தெரிந்து வைத்து, அந்தப் பிள்ளையோடு கூடவே நடந்து போய் அறிமுகப்படுத்துங்கள். போகச் சொன்னால் போகாது, கூட்டிக்கொண்டு போனால் போகும்.

மாரிக்காலத்தில், நவம்பர் தொடங்கி ஜனவரி வரை, மின்சாரம் போகும், மழையில் பிள்ளைகள் பிந்துவார்கள். புரொஜெக்டர் இல்லாமலும் நடத்தக்கூடிய மாதிரி ஒவ்வொரு வகுப்பையும் தயாரியுங்கள்.

நான்காம் கிழமை ஒரு துண்டுப் பேப்பரில் பெயர் போடாமல் இரண்டு கேள்விக்குப் பதில் வாங்குங்கள்: எதை நிறுத்த வேண்டும், எது இன்னும் வேண்டும். எனக்கு முதல் தடவை வந்ததில் அரைவாசிக்கு மேல் "கதையைக் குறைத்து எங்களைக் கதைக்க விடுங்கள்" என்று இருந்தது. அடுத்த கிழமையே மாற்றினேன், மாற்றியதைச் சொல்லியும் விட்டேன். வகுப்பு முடிந்து மோட்டார் சைக்கிளையோ வானையோ எடுக்கும் முன், அதே சீ.ஆர். கொப்பியில் அன்றைய சம்பவத்துக்குக் கீழே இரண்டு வரி எழுதுங்கள்: யார் என்ன கேட்டார், நான் எங்கே பதில் தெரியாமல் நின்றேன். அடுத்த சனிக்கிழமைக்கான வாசிப்பை அந்த இரண்டாவது வரியிலிருந்து தொடங்கலாம்.